வேட்டைச் சப்பாத்தை நடந்து பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்கள் ஞாயிறு இதழில் வந்த, நோர்டிக் காடுகளில் குளிர்கால வேட்டை பற்றிய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். தமிழில் இப்படியொரு விடயம் வந்ததே எனக்குச் சந்தோசம். படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் சப்பாத்து, ஜக்கெற், நித்திரைப் பை என்று ஏழெட்டுப் பொருட்களுக்கு நட்சத்திரம் போட்டிருந்த விதத்தைப் பார்த்துத்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன். எல்லாவற்றையும் மூன்று மணிநேரம் காட்டுப்பாதையில் நடந்து பார்த்துவிட்டு, சூடாக இருந்தது, நனையவில்லை என்று முடித்திருந்தார்கள். நடக்கும்போது யாருக்கும் அவ்வளவாகக் குளிராது. குளிர்கால வேட்டையில் நடப்பது கொஞ்சம், நிற்பதுதான் வேலை.

நான் இருப்பது நோர்வேயின் துரொண்டலாக் மாகாணத்தில், ஸ்டைன்ஷேர் நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே. இந்த நாட்டுக்கு வந்து 27 வருடம். பேருந்து திருத்தும் பட்டறையில் வேலை. கூட வேலை செய்யும் ஒருவர்தான் 12 வருடத்துக்கு முன் என்னை எல்க் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் வருடம் துவக்கு இல்லாமல் நாய் பிடிப்பவரோடு வெறுமனே நடந்தேன். அடுத்த வருடம் 30 மணிநேர வகுப்புக்குப் போய், வேட்டைப் பரீட்சை எழுதி, ஒரு பழைய ரைபிள் வாங்கி, எட்டுப்பேர் கொண்ட அவர்களுடைய குழுவில் சேர்ந்தேன்.

தெரியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன். எல்க் என்பது குதிரையைவிட உயரமாக வளரக்கூடிய பெரிய மான். இங்கே அதை வேட்டையாடும் காலம் செப்டெம்பர் 25 முதல் டிசம்பர் 23 வரை. குழுவில் ஒருவர் நாயோடு காட்டுக்குள் போவார். மற்ற எல்லோருக்கும் ஒவ்வொரு இடம் குறித்துக் கொடுப்பார்கள். அதைப் போஸ்ட் என்போம். நாய் எல்க்கைக் கண்டால் அதை மறித்து நின்று குரைக்கும். எல்க் நகர்ந்தால் யாராவது ஒருவருடைய போஸ்ட் பக்கம் வரும். வராமலும் போகும். அதுவரைக்கும் மரத்தோடு மரமாக நிற்க வேண்டும். காலை உதறக் கூடாது, கையைத் தேய்க்கக் கூடாது. குளிரில் இறுகிய பனி காலடியில் நொறுங்கும் சத்தம் எல்க்குக்கு எவ்வளவு தூரத்திலும் கேட்கும். டிசம்பரில் எங்கள் பக்கம் சூரியன் பத்து மணிக்குப் பிறகு எழும்பி இரண்டரைக்கு முன் போய்விடும். அந்த நாலு மணிநேர வெளிச்சம் முழுவதும் நிற்பதிலேயே போகும் நாட்கள் உண்டு.

மூன்றாவது வருடம் புதுச் சப்பாத்து வாங்கினேன். பெட்டியில் மைனஸ் 40 என்று போட்டிருந்தது. நானும் உங்கள் கட்டுரையாளர் செய்ததைத்தான் செய்தேன். நவம்பரில் நாலு பின்னேரம் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குன்றில் ஏறி இறங்கினேன். கால் அடுப்பில் வைத்தது போல் இருந்தது. மிகவும் திருப்தி.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. காரில் மைனஸ் 18 காட்டியது. எனக்குக் கிடைத்த போஸ்ட் இரண்டு கிலோமீற்றர் தள்ளி, ஒரு சதுப்பு வெளியின் ஓரம். முழங்கால் அளவு பனியில் துவக்கையும் பையையும் சுமந்து போனேன். போய்ச் சேர்ந்தபோது முதுகு நனைந்திருந்தது. காலும் வியர்த்திருக்கும், அதை நான் கவனிக்கவில்லை. முதல் அரை மணிநேரம் ஒரு குறையும் இல்லை. ஒரு மணிநேரத்தில் பெருவிரல் குளிர்ந்தது. பிறகு நோ, யாரோ விரலைக் குறட்டால் பிடித்தது போல. இன்னும் ஒரு மணிநேரத்தில் அந்த நோ நின்றுவிட்டது. கால் சூடாகிவிட்டது என்று நினைத்தேன். ஆபத்து தொடங்கியதே அப்போதுதான்.

ஒன்றரைக்கு ரேடியோவில் கூப்பிட்டார்கள். திரும்பி நடந்தபோது மரக்கட்டையில் நடப்பது போல் இருந்தது. நெருப்படியில் சப்பாத்தைக் கழற்றினால், சொக்ஸ் உள்ளேயிருந்த ஃபெல்ற் துணியோடு சேர்ந்து உறைந்து கிடக்கிறது. இழுத்தெடுத்தோம். இடது காலில் இரண்டு விரல் மெழுகுதிரி மாதிரி வெளுத்திருந்தன. என்னைக் கூட்டிக்கொண்டு வந்த அந்த நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கம்பளிச் சட்டையைத் தூக்கி, என் பாதத்தை வெறும் வயிற்றில் வைத்து அமுக்கிக்கொண்டு அரை மணிநேரம் இருந்தார். தேய்க்கவில்லை. உறைந்த தோலைத் தேய்த்தால் காயப்படும், நெருப்புக்கு நேரே பிடித்தால் உணர்ச்சியில்லாமலே சுட்டுவிடும் என்று பிறகு சொல்லித் தந்தார். விரல்கள் பிழைத்தன. ஆனால் இன்றுவரை மைனஸ் 10க்குக் கீழே போனால் அந்த இரண்டும் எனக்கு முதலில் தகவல் சொல்லும்.

அந்தச் சப்பாத்து மோசமானதென்று நான் சொல்ல வரவில்லை. நான் அதைச் சோதித்த முறைதான் பிழை. மறுவருடம் ஒரு தெர்மோமீற்றரைக் கையோடு கொண்டுபோய் அளந்தேன்: கார் நின்ற மேட்டில் மைனஸ் 17, அதே நேரம் கீழே அந்தச் சதுப்பு வெளியில் மைனஸ் 26. காற்றில்லாத நாளில் குளிர்காற்று தண்ணீர் போலப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். ஆகவே மைனஸ் இத்தனையில் சோதித்தோம் என்று எழுதுகிறவர்கள், எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

இப்போது நான் செய்வது இதுதான். குன்றில் இருபது நிமிடம் வேகமாக ஏறி நன்றாக வியர்ப்பேன். பிறகு வீட்டு முற்றத்தில், பனிக்கு மேல், அசையாமல் நிற்பேன். இரண்டு மணிநேரம், முடிந்தால் மூன்று. முதல் விரல் குளிர்ந்த நேரத்தைக் கொப்பியில் குறிப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் ஆரம்பத்தில் யன்னலால் எட்டிப் பார்த்தார். இப்போது தன்னுடைய சப்பாத்தையும் கொண்டுவந்து கூட நிற்கிறார். கொப்பியில் இருந்து ஒரு உதாரணம்: அதே சப்பாத்து, அதே மைனஸ் 14. இரண்டு தடித்த சொக்ஸ் போட்டு நின்றபோது 50 நிமிடத்தில் விரல் குளிர்ந்தது. ஒரேயொரு கம்பளிச் சொக்ஸ் போட்டு, நிற்பதற்கு முன் அதைக் காய்ந்த சொக்ஸாக மாற்றியபோது ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் தாங்கியது. இரண்டு சொக்ஸ் போட்டால் சூடு என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் நினைக்கிறோம். சப்பாத்து இறுகினால் இரத்தம் ஓடாது, உள்ளே காற்றும் நிற்காது, பிறகு எப்படிச் சூடு வரும்? ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். போஸ்ட்டுக்குப் போகும்போது ஜக்கெற்றைப் பையில் வைத்துக்கொண்டு, குளிர்வது போலவே நடந்து போங்கள். போய்ச் சேர்ந்த பிறகு உடுத்துங்கள்.

உடம்போடு ஒட்டிப் போடும் உடுப்பைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது. நோர்வேயில் 1933இல் ஹென்ரிக் புருன் என்ற இராணுவ அதிகாரி பழைய மீன்வலையை வெட்டி உள்ளாடை தைத்தார். ஓட்டை ஓட்டையான அந்த வலைச் சட்டையை இப்போது கம்பளியிலும் செய்கிறார்கள். முதலில் பார்க்கும்போது இதிலென்ன சூடு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஓட்டைக்குள் நிற்கும் காற்றுத்தான் சூடு. வியர்வை தோலில் தங்காமல் மேலே போய்விடும். என்னிடமுள்ள உடுப்புகளில் எதை விட்டாலும் அதை விடமாட்டேன்.

ஜக்கெற்றுக்கும் இப்படித்தான். நாலாயிரம், ஐயாயிரம் குரோனர் ஜக்கெற் மழையில் நனையாது, சரி. மைனஸ் 20இல் மழை எங்கே பெய்யப்போகிறது? அந்தக் குளிரில் உடம்பிலிருந்து வரும் ஈரம் துணியின் உட்பக்கம் உறைபனியாகப் படியும். நெருப்படிக்கு வந்ததும் அது உருகி உங்களையே நனைக்கும். கடையில் மிருதுவாக இருந்த துணி, குளிரில் விறைத்துக் கடதாசி மாதிரிச் சரசரக்கும். நான் வாங்குவதற்கு முன் ஜக்கெற்றின் கையை மடக்கி நீட்டிக் காதருகே வைத்துக் கேட்பேன். வாங்கிய பிறகு ஒரு இரவு வெளியே தொங்கவிட்டு, காலையில் மரப்பட்டையில் உரசிப் பார்ப்பேன். நெருப்புப் பொறி விழுந்தால் செயற்கைத் துணி உருகி ஓட்டையாகும். கம்பளி கருகி நின்றுவிடும். வேட்டைக்காரனுக்கு வேண்டிய தகவல் இவைதான்.

துவக்கைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். இங்கே பெரிய மிருகம் வேட்டையாடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் சுடும் பரீட்சையில் தேற வேண்டும். முதலில் 30 பயிற்சி வெடி, பிறகு 100 மீற்றரில் ஐந்து வெடி, ஐந்தும் குறித்த வட்டத்துக்குள் விழ வேண்டும். நல்ல சட்டம். ஆனால் நாங்கள் பெரும்பாலும் அதைக் கோடையில், அரைக்கைச் சட்டையோடு முடித்துவிடுகிறோம்.

என் எட்டாவது வருடம். டிசம்பர் நடுப்பகுதி, மைனஸ் 24. நாயின் குரைப்பு இருபது நிமிடமாகக் கிட்டக் கிட்ட வருகிறது. பிறகு நாய் அடங்கிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த கிரான் என்ற ஊசியிலை மரத்தின் கொப்பிலிருந்து பனி பொலபொலவென்று கொட்டியது. முதலில் தாய், பின்னால் கன்று. அறுபது மீற்றர்கூட இல்லை. எங்கள் குழுவுக்குக் கன்றுக்குத்தான் அனுமதி மீதமிருந்தது. வெளிக்கையுறையைக் கழற்றிவிட்டு மெல்லிய உள்ளுறையோடு விசையைத் தொட்டேன். மூச்சை அடக்கினேன், துவக்கின் குறிபார்க்கும் கண்ணாடியில் ஆவி படக்கூடாதென்று. கன்று பக்கவாட்டாக நின்றது. விசையை அழுத்தினேன்.

டிக்.

அவ்வளவுதான். கன்றின் காது இரண்டும் என் பக்கம் திரும்பின. ஒரு கணம் மூவரும் அப்படியே நின்றோம். பிறகு இரண்டும் சத்தமே இல்லாமல் காட்டுக்குள் போய்விட்டன. குழலைப் பத்திரமான பக்கம் பிடித்து அரை நிமிடம் பொறுத்து, ரவையை வெளியே எடுத்துப் பார்த்தேன். அடியில், ரவையை வெடிக்கவைக்கும் துவக்கின் ஊசி குத்திய தடம் கடுகளவுதான் இருந்தது. முதல் நாளிரவு குடிலில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து துவக்கைத் துடைத்து, எண்ணெயும் தாராளமாகப் போட்டிருந்தேன். அந்த எண்ணெய் குளிரில் தேன் மாதிரித் தடித்து, ஊசியின் வேகத்தைப் பிடித்துவிட்டது. எண்ணெய் குளிரில் தடிப்பது பட்டறையில் நான் தினமும் பார்க்கிற விடயம். துவக்கில் அதை யோசிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் மனதில் உறுத்துகிறது. ஊசி இன்னும் கொஞ்சம் பலமாகக் குத்தி வெடி பிந்தி வெடித்திருந்தால், கன்று அசைந்த நேரத்தில் காயம் பட்டிருக்கும். காயப்பட்ட மிருகத்தைத் தேடி இருட்டில், அந்தக் குளிரில், நாயோடு அலைவதை நினைத்துப் பாருங்கள்.

அதன் பிறகு பனிக்காலம் தொடங்கினால் ஊசியையும் அதன் கூட்டையும் எண்ணெய் நீக்கியால் கழுவிக் காயவைத்துவிடுவேன். துவக்கைச் சூடான அறைக்குள் கொண்டுபோவதில்லை. பூட்டிய உறையில் குளிரான முன்னறையிலேயே இருக்கும். உள்ளே கொண்டுபோனால் இரும்பிலும் கண்ணாடியிலும் ஈரம் பிடிக்கும், திரும்ப வெளியே வந்ததும் அது பனிக்கட்டியாகும். குழல் வாயில் பனி புகாமல் ஒரு துண்டு ரேப் ஒட்டுவேன். ஒவ்வொரு வருடமும் நல்ல குளிரான ஒரு நாளில், முழு உடுப்போடும் கையுறையோடும் சுடும் திடலுக்குப் போய் பத்து வெடி வைத்துப் பார்ப்பேன்.

நித்திரைப் பைக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் "மைனஸ் 30 பை" என்று ஒன்றுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்கள். எந்த மைனஸ் 30? ஐரோப்பாவில் விற்கும் பெரும்பாலான பைகளில் மூன்று எண்கள் இருக்கும். முன்பு ஈஎன் 13537 என்றும் இப்போது ஐஎஸ்ஓ 23537 என்றும் சொல்லும் தரத்தின்படி, சூடேற்றிய பொம்மையொன்றைப் பைக்குள் படுக்கவைத்து ஆய்வுகூடத்தில் அளக்கிறார்கள். முதல் எண், ஒரு சராசரிப் பெண் சௌகரியமாக நித்திரை கொள்ளக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, ஒரு சராசரி ஆண் உடம்பைக் குறுக்கிக்கொண்டு எட்டு மணிநேரம் சமாளிக்கக்கூடிய எல்லை. மூன்றாவது, ஒரு பெண் ஆறு மணிநேரம் குளிரில் சாகாமல் தாக்குப்பிடிக்கும் எண். அதில்கூட விரல்கள் உறைந்துபோகலாம். அந்த மூன்றாவது எண் நித்திரைக்கானதே அல்ல.

இது எனக்குத் தெரியவந்தது லியர்ணெயில். அது ஸ்வீடன் எல்லையோரம் இருக்கும் மலைப்பகுதி. ரீப்பெ என்ற வெள்ளைக் காட்டுக்கோழியை இங்கே பெப்ரவரி கடைசி வரை வேட்டையாடலாம். கடைக்காரர் மைனஸ் 28 என்று சொல்லித் தந்த பையோடு போனேன். இரவு மைனஸ் 17. விடியும்வரை கண்ணை மூடவில்லை; பல் கிடுகிடுத்தது. காலையில் பையின் உட்பக்கம் தைத்திருந்த சிறிய துணியைத் தலைவிளக்கில் வாசித்தேன்: மைனஸ் 4, மைனஸ் 11, மைனஸ் 28. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தேவையான எண்ணையும் சொல்லவில்லை. அடுத்த இரவு நண்பரின் கலைமான் தோலைக் கீழே விரித்துத்தான் படுத்தேன். அந்த மயிர் உள்ளே காற்று நிறைந்தது. பஞ்சு மெத்தை அதற்குக் கிட்டவும் வராது. பையைச் சோதிக்கும்போது கீழே என்ன விரித்தீர்கள் என்பதையும் எழுதாவிட்டால் அந்தச் சோதனை அரைகுறைதான்.

காஸ் அடுப்புக்கும் முழு நட்சத்திரம் கொடுத்திருந்தீர்கள். பியூட்டேன் பூச்சியப் பாகையிலேயே ஆவியாக மறுக்கும், புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். சிலிண்டரில் இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது என்று பார்க்காமல் குளிருக்கு அடுப்பு வாங்கக் கூடாது. பனியை உருக்கும்போது பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் அடி கருகிக் கோப்பி முழுவதும் அந்த மணம்தான்.

இன்னொரு பிழையையும் திருத்த வேண்டும், ஏனென்றால் அதை நம்பி யாராவது பெடியள் சிக்கலில் மாட்டலாம். நோர்வேக் காட்டில் யாரும் சுதந்திரமாக வேட்டையாடலாம் என்ற அர்த்தத்தில் ஒரு வரி வந்திருந்தது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்கும் கொடுப்பது காட்டில் நடக்க, ஸ்கி ஓட, கூடாரம் போட, பழம் பறிக்கும் உரிமையை. வேட்டை உரிமை நிலத்தின் சொந்தக்காரருக்கு உரியது. அரசாங்கப் பொதுமலைகளில் அந்தந்த இடத்து மலைச்சபையிடம் அனுமதி அட்டை வாங்க வேண்டும். பரீட்சை, வருடாந்தக் கட்டணம், எல்க் என்றால் காயப்பட்ட மிருகத்தைத் தேடப் பழக்கி அங்கீகாரம் பெற்ற நாய்க்கு முன்கூட்டிய ஏற்பாடு, இவ்வளவும் இருந்தால்தான் துவக்கைத் தூக்கலாம்.

கட்டுரையின் தொடக்கத்தில் இருந்த நோர்வேப் பழமொழி, மோசமான காலநிலை என்று ஒன்றில்லை, மோசமான உடுப்புத்தான் உண்டு என்பது, இங்கே எல்லோரும் சொல்வதுதான். நானும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கடையில் பொருள் விற்க அது நன்றாக உதவுகிறது என்பதையும் பார்க்கிறேன். மலைக்குப் போகிறவர்களுக்கென்று இதே நாட்டில் மலைவிதிகள் ஒன்பது உண்டு. எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது. புதிதாக வருகிறவர்கள் படிக்கிற கட்டுரையில் அதுவும் இருந்திருக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விடயமல்ல. அடுத்த முறை இப்படியான பொருட்களைப் பற்றி எழுதும்போது, எத்தனை மணிநேரம் அசையாமல் நின்று பார்த்தார்கள், அதற்கு முன் வியர்த்திருந்தார்களா, தெர்மோமீற்றர் எங்கே இருந்தது, நித்திரைப் பை என்றால் முதல் எண் என்ன, இவ்வளவையும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். இடம் போதாவிட்டால் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை மீண்டும் லியர்ணெக்குப் போகிறேன், மூன்று இரவு. கொப்பியும் தெர்மோமீற்றரும் பையில் இருக்கின்றன. உங்கள் கட்டுரையில் வந்த அதே சப்பாத்து எங்கள் குழுவில் ஒருவரிடம் இருக்கிறது. அவரை நிற்கவைத்து நேரம் பார்க்கச் சம்மதம் வாங்கிவிட்டேன். விரும்பினால் அந்தக் குறிப்புகளை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
நீண்டகால வாசகன் ஒருவன்,
ஸ்டைன்ஷேர், நோர்வே